வீரமாமுனிவரும் மரித்தோரின் காத்திருப்பும்

ஆடி அமாவாசையன்று குற்றாலத்து அருவிக்கரையில், இறந்துபோன பெற்றோரை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்யும் மக்களைக் காணலாம். செத்தவர் இப்போது எங்கே இருக்கிறார், நாம் செய்வது அவருக்குப் போய்ச் சேருமா என்ற ஏக்கம் மனுக்குலம் முழுவதற்கும் பொது. கிறிஸ்தவனுக்கும் அந்த ஏக்கம் உண்டு. அதற்குத் திருச்சபை தரும் ஆறுதலை அறிய, நம்முடைய சீமையிலேயே சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய ஒரு பெரியவரின் வாழ்வை இவ்வாரம் நினைவுகூர்வோம். அவர் தமிழுலகம் அறிந்த வீரமாமுனிவர்.

இத்தாலி தேசத்தில், அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த அதே காஸ்திலியோனே என்னும் ஊரில், 1680-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் கொன்ஸ்தாந்தியுஸ் யோசேப். குடும்பப் பெயர் பெஸ்கி. அர்ச். சூசையப்பரின் நாமம் இவ்வாறு தொட்டிலிலேயே அவரோடு ஒட்டிக்கொண்டது. 1698-ல் சேசுசபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் கப்பலேறி 1710-ல் கோவா வந்து, மறுவருஷம் மதுரை மிஷனை அடைந்தார். தைரியநாதர் என்ற பெயரோடு காவியுடுத்துத் தமிழ்த் துறவியாய் வாழலானார்.

முதல் வருஷங்களில் அவர் உழைத்த இடங்கள் நமக்குத் தூரமானவை அல்ல. கயத்தாறும் காமநாயக்கன்பட்டியும் அவருடைய காலடி பட்ட ஊர்கள். காமநாயக்கன்பட்டிக் கோயில் பரலோக மாதாவின் கோயில். ஆகஸ்டு 15-ந் தேதித் திருநாளுக்கு நம் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் போய் வருகிறார்கள். மரித்தோர் எல்லாரும் கடைசி நாளில் அடையப்போகும் சரீர மகிமையைத் தேவமாதா முன்னதாகவே அடைந்துவிட்டார்கள் என்பதே அத்திருநாளின் பொருள். இதை 1950-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நம் முன்னோர் அதை நம்பித் தேர் இழுத்தார்கள்.

இப்போது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் சங்கரன்கோவில் வட்டாரத்துக் குருக்கள்பட்டியில், 1714–15-ம் ஆண்டளவில், முனிவருக்குச் சோதனை வந்தது. வேதத்தைப் போதித்ததற்காக அவர் பிடிபட்டு மரண தண்டனைக்கு உள்ளானார். இருபது வருஷங்களுக்கு முன்தான், 1693-ல், அர்ச். அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். அதே முடிவு தமக்கும் என்று முனிவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் சர்வேசுரன் சித்தம் வேறாயிருந்தது. தண்டனை நிறைவேறாமல் அவர் விடுதலையானார். அவர் எழுத வேண்டிய நூல்கள் எல்லாம் அதன் பின்னரே எழுதப்பட்டன.

அவற்றுள் தலையானது 1726-ல் முடித்த தேம்பாவணி. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாட்டு. இவ்வளவு பெரிய காவியத்துக்கு அவர் தெரிந்தெடுத்த தலைவன் அரசனும் அல்ல, போர்வீரனும் அல்ல. நசரேத்தூர்த் தச்சனாகிய சூசையப்பரையே வளன் என்று பெயரிட்டுப் பாடினார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சூசையப்பர் சேசுநாதருடைய பாடுகளுக்கு முன்பே மரித்தார் என்பது திருச்சபையின் பழைய பாரம்பரியம். ஒரு பக்கம் திவ்விய சேசுவும் மறுபக்கம் தேவமாதாவும் இருக்க அவர் உயிர்விட்டார். ஆகையால்தான் அவரை நன்மரணத்தின் பாதுகாவலர் என்கிறோம். ஆனால் அன்று மோட்ச வாசல் இன்னும் திறக்கப்படவில்லை. பின் அந்தப் பரிசுத்த ஆத்துமம் எங்கே சென்றது?

ஆபிரகாமின் மடி என்று சுவிசேஷம் சொல்லும் இடத்துக்குச் சென்றது என்பதே திருச்சபையின் போதனை. பழைய ஏற்பாட்டின் நீதிமான்கள் அங்கே வேதனையின்றி இருந்தார்கள். ஆயினும் தேவதரிசனம் இன்றி, இரட்சகரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஆண்டவர் சிலுவையில் மரித்தபின் பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லுகிறோமே, அது இவர்களிடம் போனதைத்தான். சேசுவைக் கையில் ஏந்தி வளர்த்தவரே அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது! தேம்பாவணியும் வளனுடைய மரணத்தோடு நின்றுவிடவில்லை. அவருக்கு மோட்சத்தில் முடிசூட்டுவதே அதன் கடைசிப் படலம். சாவு கதையின் முடிவல்ல என்பதைக் காவியத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

ஆண்டவர் உயிர்த்து மோட்சம் ஏறியபின் மரிப்பவர்களின் நிலைமை வேறு. ஆத்துமம் சாவதில்லை, கடைசி நாள் மட்டும் தூங்கிக் கிடப்பதும் இல்லை. மரித்த உடனே தனித்தீர்வை நடக்கிறது. சுத்திகரிக்க ஒன்றும் இல்லாத ஆத்துமம் பொது உத்தானத்துக்குக் காத்திராமல் அப்போதே சர்வேசுரனை முகமுகமாய்த் தரிசிக்கிறது. இதை 1336-ம் வருஷம் பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பு தீர்மானமாக அறிவித்தார். சாவான பாவத்தோடு மனந்திரும்பாமல் மரித்த ஆத்துமம் நரகத்தில் விழுகிறது. இஷ்டப்பிரசாதத்தோடு மரித்தும் இன்னும் பரிகாரக் கடன் உள்ள ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுத்தமாகிறது. அங்குள்ளவர்களுக்கு நம்முடைய செபமும், விசேஷமாய்த் திவ்விய பலிபூசையும் உதவும் என்று 1563-ல் திரிதெந்தீன் சங்கம் போதித்தது. மக்கபேயர் ஆகமத்தில் யூதாஸ் என்னும் படைத்தலைவன், யுத்தத்தில் விழுந்த தன் வீரர்களுக்காக வெள்ளிக்காசு தண்டி, பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினதையும் வாசிக்கிறோம்.

1706 முதல் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த லுத்தர் சபையார் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களோடு தர்க்கித்து முனிவர் வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார். ஆனால் விசுவாசிகளுக்கு இது வெறும் தர்க்க விஷயமாய் இருக்கவில்லை. குருவானவர் எப்போதாவதுதான் வந்துபோகும் கிராமங்களில், சாகிறவன் தலைமாட்டில் இருந்து மனஸ்தாபப்பட ஏவி, செபம் சொல்லி, செத்தபின் அடக்கம் செய்தவர் வேதியர்தான். அந்த வேதியர்களுக்கென்றே முனிவர் வேதியர் ஒழுக்கம் என்ற புத்தகத்தை எழுதினார். புதிதாய் வேதத்தில் சேர்ந்தவனைப் பார்த்து, தர்ப்பணத்தை விட்டாயே, பெற்றவர்களைக் கைவிட்டாயா என்று உறவினர் கேட்டால், அவன் கலங்காமல் சொல்லத்தக்க மறுமொழி ஒன்று உண்டு. அவன் தன் மரித்தோரைக் கைவிடவில்லை. கிறிஸ்துநாதருடைய பலியில் அவர்களை நினைக்கிறான்.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் நிழலில் நெடுங்காலம் உழைத்த முனிவர், கடைசியில் நம்முடைய மலைகளுக்கு அப்பால், மலையாள நாட்டு அம்பலக்காட்டில் 1747-ம் வருஷம் பெப்ருவரி 4-ந் தேதி மரித்தார். அருளானந்தர் தலை வெட்டுண்டதும் அதே பெப்ருவரி 4-ந் தேதியில்தான். வாளுக்குத் தப்பிய துறவி, வாளுக்கு இரையான தம் சகோதரரின் நாளிலேயே கண்மூடினார். சூசையப்பரைத் தமிழில் முடிசூட்டிப் பாடியவருக்கு அந்தப் பாதுகாவலர் துணைநின்றிருப்பார் என்று பக்தியோடு நம்பலாம்.

பிரிய வாசகர்களே, தென்காசியில் நாம் கூடும் கோயில் அர்ச். மிக்கேல் சம்மனசின் கோயில். மரித்தோருடைய ஆத்துமங்களைப் பரிசுத்த ஒளிக்குக் கூட்டிச் செல்லும்படி மரித்தோர் பூசையில் திருச்சபை வேண்டிக்கொள்வது அந்த அதிதூதரையே குறித்து. நவம்பர் மாதம் மட்டும் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோய்விட்டு, மற்றப் பதினொரு மாதமும் மறந்திருப்பது அன்பாகாது. இன்று இராச்செபத்தில் உங்கள் வீட்டில் மரித்தவர்களின் பெயரைப் பிள்ளைகள் காதுகேட்கச் சொல்லுங்கள். யாரும் நினையாத ஆத்துமங்களுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை நம் பெயரைச் சொல்லவும் அந்தப் பிள்ளைகளே பழகியிருப்பார்கள்.