ஒரே ஆள், இரண்டு பெயர்

நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் என்றால் 1931-ல் எழுதிய ஐந்து விதிகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். டேட்டாபேஸோடு தினமும் மல்லுக்கட்டும் இன்ஜினீயரான எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு வேலை.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது வேலை பிடிக்கவே இல்லை. மறுபடி வகுப்புக்கே ஓடிவிடப் பார்த்தார். லண்டன் போய்ப் படித்து வந்தபின்தான் மனசு மாறியது.

1934-ல் கேட்டலாக் தயாரிக்க ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டார். எழுதியவருக்கும் அவருடைய பெயர்களுக்கும் உள்ள உறவைத் தனி அட்டை போட்டுப் பதியச் சொல்லும் விதிகள் அவருடையவை. புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்களேன். சொ. விருத்தாசலமும் அவரே என்று அட்டை சொல்லாவிட்டால் ஒருவர் இரண்டு பேராகிவிடுவார். தேடி வந்தவர் பாதிப் புத்தகத்தோடு திரும்ப வேண்டியதுதான். நம்ம ஊர் இனிஷியல் வேறு! அது குடும்பப்பெயர் இல்லையே. அதையும் யோசித்தே எழுதினார்.

இன்றைய நூலகக் கம்ப்யூட்டரில் 'அதாரிட்டி ரெக்கார்டு' செய்வதும் இதே வேலைதான். ஆளுக்கொரு எண், அதன்கீழ் அவருடைய எல்லாப் பெயர்களும்.

1944-க்குப் பிறகு காசி, டெல்லி என்று பணிபுரிந்தார். 1962-ல் பெங்களூரில் ஆய்வு மையம் தொடங்கி, 1972-ல் அங்கேயே காலமானார்.

மாணவத் தம்பி தங்கைகளே, நம் நூலகத்தில் கல்கி என்றும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்றும் தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேருகிறதா?