பிரான்ஸ் லிஸ்டின் யாத்திரை



திவ்விய பலிபூசையில் காணிக்கை முடிந்து எழுந்தேற்றம் வருமுன், குருவானவர் கைகளை விரித்து, எல்லாரும் தங்கள் இருதயங்களை மேலே எழுப்பும்படி அழைக்கிறார். நாமும் தினசரிப் பழக்கத்தால் மறுமொழி சொல்லிவிடுகிறோம். அந்த மறுமொழியைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் ஒரு காலைப் பூசையில் கண்டேன். முந்திய நாள் மாலையில்தான் ஒரு தாய் தன் ஒரே மகனைக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்திருந்தாள். மறுநாள் விடியற்காலையில் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். கைகளை விரித்த நான் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டேன். இவளைப் பார்த்து இருதயத்தை எழுப்பு என்று சொல்ல நான் யார்?

அன்று பூசை முடிந்தபின் என் நினைவுக்கு வந்தவர் பிரான்ஸ் லிஸ்ட் என்னும் இசைப் புலவர். இதே அழைப்பைத் தலைப்பாகக் கொண்டு, பியானோவுக்கென்று அவர் சிறிய கீதம் ஒன்றை இயற்றியிருக்கிறார். இலத்தீனில் அதன் பெயர் சுர்சும் கோர்தா. குருமடத்தில் படித்த நாளில் அதை முதன்முறை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. இது என்ன, இப்படி இடிக்கிறதே என்று எண்ணினேன். அதை எழுதியவரின் சீவியத்தை அறிந்த பிறகுதான் அதன் பொருள் விளங்கிற்று. ஆகையால் அந்தச் சீவியத்தையே இங்குச் சுருக்கிச் சொல்கிறேன்.

லிஸ்ட் 1811-ம் ஆண்டு அக்டோபர் 22-ம் தேதி, அக்காலத்து அங்கேரி இராச்சியத்தில் ரைடிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. தகப்பனார் ஆதாம் லிஸ்ட், எஸ்டர்ஹாசி பிரபுக்களின் பண்ணையில் உத்தியோகஸ்தர். வாலிபத்தில் பிரான்சிஸ்கு சபையில் நவசந்நியாசியாய்ச் சிறிது காலம் இருந்து வெளியே வந்தவர். மகனுக்குப் பாதுகாவலராக வாய்த்தவர் அர்ச். பவுலா பிரான்சிஸ்கு. படகுக்காரன் ஏற்றிக்கொள்ள மறுத்தபோது, தம் மேலங்கியைத் தண்ணீரில் விரித்து மெசினா நீரிணையைக் கடந்தார் என்று சொல்லப்படும் அர்ச்சியசிஷ்டவர் அவர், கடலோடிகளின் பாதுகாவலர். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நமக்கு அவரும் அந்நியர் அல்லர். பிற்காலத்தில் லிஸ்ட் அந்த அலைகளையே பியானோவில் எழுப்பி ஒரு கீதம் இயற்றினார்.

சிறுவனின் திறமையைக் கண்ட தகப்பனார், 1822-ல் அவனை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார். செர்னி பியானோவும், சாலியேரி இசை இலக்கணமும் கற்பித்தார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரம். அங்குள்ள அரசாங்க இசைப் பள்ளி, அந்நிய நாட்டான் என்று சொல்லிக் கதவை அடைத்தது. 1827-ல் தகப்பனார் இறந்தபோது மகனுக்கு வயது பதினைந்து. தாயைக் காப்பாற்ற வீடு வீடாய்ப் போய்ப் பியானோ கற்பித்தார். அந்நாளிலேயே குருமடத்தில் சேரவேண்டுமென்ற ஆசை அவருள் மூண்டது. தாயும் ஆன்ம குருவும் தடுத்துவிட்டார்கள்.

பிறகு வந்தது புகழ். 1832-ல் பாகனீனியின் பிடில் வாசிப்பைக் கேட்டு, பியானோவில் தாமும் அப்படி ஆகவேண்டுமென்று இராப்பகலாய் உழைத்தார். 1839 முதல் 1847 வரை ஐரோப்பாவெங்கும் அவர் கால்படாத பெருநகர் குறைவு. அவர் வாசிப்பைக் கேட்டுச் சீமாட்டிகள் மூர்ச்சை போனார்கள் என்பார்கள். பணம் வந்தது, வந்ததை வாரிக் கொடுத்தார். 1838-ல் டானூப் நதி பெருகி பெஸ்டு நகரம் அழிந்தபோது வியன்னாவில் கச்சேரிகள் நடத்தி நிதி அனுப்பினார். பான் நகரில் பேத்தோவனுக்குச் சிலை வைக்கப் பணம் போதாமல் நின்றபோது கைகொடுத்தவரும் அவரே.

ஆயினும் நற்குணங்களை மட்டும் சொல்லிப் பாவத்தை மறைப்பது நேர்மையன்று. 1835-ல், கணவனும் பிள்ளையும் உள்ள மரீ தகூ என்னும் பிரபுகுலப் பெண்ணோடு ஜெனீவாவில் குடியேறினார். பிளாந்தீன், கோசிமா, தானியேல் என்று மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். அந்த உறவும் சில ஆண்டுகளில் முறிந்தது. 1847-ல் கரோலீன் என்ற இளவரசியைச் சந்தித்தார். அவளும் மணமானவள். அதே ஆண்டு, முப்பத்தைந்து வயதில், கூலிக்குக் கச்சேரி செய்வதை விட்டொழித்து, 1848 முதல் வைமார் நகரில் தங்கி இசை இயற்றலானார். நம் இராயபுரத்திலிருந்து 1856 ஜூலையில் முதல் ரயில் புறப்பட்டது. அதற்கடுத்த மாதம் அங்கேரியின் எஸ்டர்கோம் பேராலய அபிஷேகத்துக்காக அவர் இயற்றிய பாடற்பூசை நடந்தேறியது.

கரோலீனின் முதல் விவாகம் செல்லாதென்று தீர்ப்புப் பெற்று, உரோமையில் அவளை மணக்க ஏற்பாடாயிற்று. 1861 அக்டோபர் 22, அவருடைய ஐம்பதாவது பிறந்த நாள், திருமணத்துக்குக் குறிக்கப்பட்டது. கோவிலில் அலங்காரமும் முடிந்தது. முந்திய இரவு ஆள் வந்து, ஆட்சேபணை எழுந்திருப்பதாகச் சொன்னான். திருமணம் நின்றது; பிறகு நடக்கவேயில்லை.

இதற்கிடையில் மரணமும் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. 1859 டிசம்பரில் மகன் தானியேல் இருபது வயதில் இறந்தான். 1862 செப்டம்பரில் மூத்த மகள் பிளாந்தீன் இருபத்தாறு வயதில் இறந்தாள். மிஞ்சிய கோசிமா தன் கணவரைவிட்டு வாக்னர் என்னும் இசைப் புலவரோடு சென்று, 1870-ல் அவரை மணந்தாள். கோசிமாவின் கணவர் லிஸ்டின் அருமைச் சீடர்; வாக்னர் அருமை நண்பர். தகப்பனார் மனம் புண்பட்டார். சில ஆண்டுகள் மகளோடு தொடர்பில்லை. தாம் இளமையில் செய்ததையே மகள் செய்தாள் என்பதை அவர் அறியாமலா இருந்திருப்பார்?

1863-ல் உரோமைக்கு வெளியே மோந்தே மாரியோ குன்றில், செபமாலை மாதா மடத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். 9-ம் பத்திநாதர் பாப்பரசரே அந்த ஜூலையில் அங்கு எழுந்தருளி அவருடைய இசையைக் கேட்டார். 1865 ஏப்ரல் 25-ல் சிரமுண்டனமும், ஜூலை 30-ல் நான்கு சிறு பட்டங்களும் பெற்றார். வாசல்காப்போன், வாசகன், பேயோட்டுவோன், பீடத்துணைவன் என்பன அவை. (இம்முறையை 6-ம் சின்னப்பர் 1972-ல் மாற்றியமைத்தார்.) அவர் குருவானவர் அல்லர், பூசை செய்யவோ, பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவருக்கு அதிகாரமில்லை. ஆனாலும் கறுப்பு அங்கி தரித்து, அபே லிஸ்ட் என்ற பெயரோடே மீதி நாட்களைக் கழித்தார். உலகம் பரிகசித்தது. அவரோ உரோமை, வைமார், புடாபெஸ்டு என்று மூன்று ஊர்களுக்குள் அலைந்து, தம்மை நாடி வந்த மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்பித்தார்.

இப்போது நம் கீதத்துக்கு வருவோம். யாத்திரை ஆண்டுகள் என்ற பெயரில் அவர் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். 1855-ல் வந்த முதலாவது சுவிட்சர்லாந்தைப் பற்றியது. 1858-ல் வந்த இரண்டாவது இத்தாலியைப் பற்றியது. இரண்டும் கண்கொள்ளாக் காட்சிகள். மூன்றாவது வெளிவந்தது 1883-ல். அதில் காட்சி குறைவு, கண்ணீர் அதிகம். பெரும்பகுதி 1877-ல் எழுதப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் நம் சென்னை மாகாணம் மடிந்துகொண்டிருந்த காலம் அது. லிஸ்டோ உரோமைக்கு அருகே திவோலியில், வில்லா தெஸ்தே என்னும் பழைய மாளிகையில், மனச்சோர்வால் வாடிக்கொண்டிருந்தார்.

தொகுதியில் ஏழு கீதங்கள். முதலாவது திரிகால செப மணியோசை; காவல் சம்மனசுக்களை நோக்கிய வேண்டுதலாகிய இதைத் தம் பேத்தி தானியேலாவுக்கு அர்ப்பணித்தார். இரண்டும் மூன்றும் அம்மாளிகைத் தோட்டத்து சைப்பிரஸ் மரங்களைப் பார்த்துப் பாடிய புலம்பல்கள். அம்மரங்கள் அந்நாட்டில் கல்லறைகளின் அருகே நிற்பவை. நான்காவது அத்தோட்டத்து நீரூற்றுகள். கிணற்றருகே சமாரியப் பெண்ணுக்கு நமதாண்டவர் வாக்களித்த சீவிய தண்ணீரை நினைத்து, அந்தச் சுவிசேஷ வசனத்தையே சுரங்களுக்கு நடுவே எழுதிவைத்தார். ஐந்தாவது, தாய்நாட்டுப் பாணியில் ஓர் ஒப்பாரி. ஆறாவது, 1867-ல் மெக்சிக்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட மாக்சிமிலியான் சக்கரவர்த்திக்காகச் சாவுப் பயண இசை. இவ்வளவுக்கும் பிறகு ஏழாவதாக நிற்பதுதான் சுர்சும் கோர்தா.

நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சிறிய கீதம். அடியில், இடது கையில், ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நம்மவர் பாட்டில் சுருதிப்பெட்டி விடாமல் ஒலிப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் பாட்டு எழும்பப் பார்க்கிறது; தாவுகிறது, தாழ்கிறது, மறுபடியும் தாவுகிறது. மேலே செல்லும் சுரங்கள் அடியிலுள்ள சுருதியோடு மோதுகின்றன. நடுவில் இந்தச் சுருதியும் அந்தப் பாட்டும் ஒன்றுசேராது என்றே தோன்றும். குருமடத்தில் எனக்கு இடித்தது இந்த மோதல்தான். ஆனால் சுருதி விலகவில்லை; பாட்டும் நிற்கவில்லை. கடைசியில் பியானோவின் முழுப் பலத்தோடு இரண்டும் ஒன்றாகின்றன.

துக்கத்தை மறந்த மனிதன் இப்படி எழுதியிருக்க முடியாது. சாவுப் பயண இசைக்கு அடுத்தாற்போல் சந்தோஷப் பாட்டு ஒன்றை வைத்திருந்தால் அது பொய்யாயிருக்கும். லிஸ்ட் அப்படிச் செய்யவில்லை. பாரமான இருதயத்தை, பாரத்தோடேயே தூக்குகிறார். பாரம் இருப்பதனாலேயே எழுப்ப வேண்டியிருக்கிறது. முதல் கீதமாகிய திரிகால செபத்துக்கும் இக்கடைசிக் கீதத்துக்கும் ஆதார சுரம் ஒன்றே. புறப்பட்ட செபத்துக்கே யாத்திரைக்காரன் திரும்பி வந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1881-ல் வைமாரில் மாடிப்படியில் விழுந்தபின் அவர் உடல் தேறவில்லை, கண்பார்வையும் மங்கிற்று. மகள் கோசிமா அழைத்ததற்கிணங்கி பைராய்ட் இசைவிழாவுக்குச் சென்றவர், நுரையீரல் சுரத்தால் 1886 ஜூலை 31-ல் அங்கேயே மரித்து, அவ்வூர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். வயது எழுபத்து நான்கு. அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவரவில்லை. விழுந்தவர், விழுந்த இடத்திலிருந்து மேலே பார்த்தவர்.

இக்கீதத்தை இப்போது கைப்பேசியிலேயே கேட்கலாம். பிள்ளைகள் தேடிக்கொடுத்தால், இராச்செபமாலை முடிந்தபின் வீட்டார் ஒன்றாய் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். முதலில் பிடிக்காவிட்டால் அடியிலுள்ள அந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் காதால் பற்றிக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

அந்தத் தாய் இன்றும் மூன்றாவது வரிசையில்தான் உட்காருகிறாள். நான் கைகளை விரிக்கும்போது சில நாள் அவள் மறுமொழி சொல்வாள். சில நாள் சொல்லமாட்டாள். சொல்லாத நாளில் அவளுக்காக மற்றவர்கள் சற்று உரக்கச் சொல்லுங்கள்.