இரண்டாம் குரல்

கரும்பும் புகையிலையும் செழித்து விளையும் தீவு நாடு கியூபா. அதன் கிழக்குப் பகுதியில், சாண்டியாகோ நகருக்கு அருகில் சிபோனே என்னும் கடலோரச் சிற்றூர் உள்ளது. அங்கு 1907ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிறந்தவர் பிரான்சிஸ்கோ ரெபிலாடோ. உலகம் அவரைக் கொம்பாய் செகுந்தோ என்று அறியும்.

இளமையிலேயே கிதார் இசைக்கவும் கிளாரினெட் ஊதவும் அவர் கற்றுக்கொண்டார். கிதாரின் ஆறு தந்திகள் அவருக்குப் போதவில்லை. கியூப மக்களின் திரெஸ் என்னும் கருவியின் ஒலியும் கிதாரின் ஒலியும் ஒன்றில் இணைய வேண்டும் என்று விரும்பினார். ஆகவே, ஏழு தந்திகள் கொண்ட புதிய கருவி ஒன்றை உருவாக்கி, அதற்கு ஆர்மோனிகோ என்று பெயரிட்டார்.

பின்னர்த் தலைநகரான ஹவானாவில் குடியேறினார். 1940களின் பிற்பகுதியில் லொரென்சோ என்னும் பாடகருடன் இணைந்து பாடத் தொடங்கினார். பாட்டின் மெட்டை லொரென்சோ முதற்குரலில் பாடுவார். அதற்குக் கீழே, தாழ்ந்த குரலில் இவர் இசைந்து பாடுவார். ஸ்பானிய மொழியில் 'செகுந்தோ' என்றால் இரண்டாவது. 'கொம்பாய்' என்றால் தோழர். இரண்டாம் குரல் பாடிய தோழருக்கு அதுவே பெயராயிற்று. கேட்போர் செவி முதலில் நாடுவது முதற்குரலையே. ஆயினும், இரண்டாம் குரல் நின்றுவிட்டால் பாட்டு மெலிந்துவிடும்.

1955இல் அந்த இணை பிரிந்தது. காலப்போக்கில் மக்களின் இசை விருப்பமும் மாறியது. பழைய பாடகர்களைப் பலர் மறந்தனர். அவர் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலையில் புகையிலை சுற்றிப் பல்லாண்டுகள் உழைத்தார். தொழிலுக்காக இசையை அவர் கைவிடவில்லை. இசைக்காகத் தொழிலை இழிவாக எண்ணவுமில்லை. 1980களில், தாம் பிறந்த கிழக்குப் பகுதியின் ஊர்களை நினைந்து 'சான் சான்' என்னும் பாடலை இயற்றினார்.

1996ஆம் ஆண்டு, கியூபாவின் முதிய இசைக்கலைஞர்கள் பலர் ஹவானாவில் ஓர் ஒலிப்பதிவுக்காக ஒன்றுகூடினர். அப்போது கொம்பாய்க்கு வயது 88. மறுஆண்டு வெளிவந்த அந்த இசைத்தொகுப்பின் முதற்பாடல் 'சான் சான்'. தொகுப்பு உலகெங்கும் பரவிக் கிராமி விருதையும் பெற்றது. 1998இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் அவர் தம் தோழர்களுடன் பாடினார்.

2003 ஜூலை 13 அன்று, தம் 95ஆம் வயதில் ஹவானாவில் அவர் மறைந்தார். அவருடைய உடல் சாண்டியாகோ மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. உலகப்புகழ் வந்த பின்னும் அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இறுதிவரை இரண்டாம் குரலாகவே வாழ்ந்தார்.