பாலபாடம் வகுத்த நாவலர்

ஏட்டுச் சுவடியிலே தமிழ் பயின்ற காலத்துப் பிள்ளைக்கு வாசிப்பு எளிய செயலன்று. ஓலையிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விடுவர். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும். காலையும் ரகரத்தையும் பிரித்தறிவது அரிது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியில்லை. வாக்கியம் முடிந்தது என்று காட்டுதற்கு ஒரு குறியும் இல்லை. இத்தகைய ஏட்டைப் பிழையற வாசிக்க வேண்டுமாயின், அதிலுள்ள பொருளை முன்னரே ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். கற்றவன் ஏடு வாசித்தான் என்பதே அக்கால வழக்கு. ஏட்டை வாசித்துக் கற்றவர் மிகச் சிலர்.

ஆதலினாலே திண்ணைப் பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பழகியபின், ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் நிகண்டையும் எண்சுவடியையும் உபாத்தியாயர் சொல்லத் தாமும் சொல்லி மனனஞ் செய்தனர். மனனத்தை இகழ்வார் இக்காலத்துப் பலருளர். யாம் அவரோடு உடன்படோம். நெஞ்சிலே செய்யுள் தங்கிய பிள்ளைக்குச் சொல்வளம் தானே வந்து சேரும். ஆயினும் மனனம் வேறு, வாசிப்பு வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டு, பிள்ளை தானே கண்ணால் நோக்கித் தானே பொருள் உணரும்படி தமிழிலே படிமுறையாக நூல் வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

அவர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆந் தேதி, யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராகப் பிறந்தார். தந்தையார் நாடகங்கள் இயற்ற வல்லவர். அவர் ஒரு நாடகத்தை முடிக்காமலே இறந்தபோது ஆறுமுகத்துக்கு வயது ஒன்பது. எஞ்சிய பகுதியை அப்பிள்ளையே பாடி நிறைவு செய்தான் என்பது வழிவழி வரும் செய்தி. சரவணமுத்துப் புலவரிடத்தும் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். ஆங்கிலங் கற்கச் சென்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலைக்கு. கற்ற இடத்திலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவராகிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய பணியிலே அவருக்குத் துணையாயிருந்தவரும் இவரே.

இவ்விடத்திலே ஒன்று சொல்லவேண்டும். நாவலர் மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை எதிர்த்தவர் என்பதை யாவரும் அறிவர். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர் என்பதை நம்மவரிற் பலர் சொல்லத் தயங்குவர். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தல், வகுப்புக்குத் தக்க வாசகம் அமைத்தல், ஒரே நூலை அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்தல், சொற்களைப் பிரித்துக் குறியீடுகள் இட்டு வசனம் எழுதுதல் ஆகிய முறைகளை அவர் அப்பாடசாலையிலும் மொழிபெயர்ப்பு மேசையிலும் கண்டார். கண்டவற்றை அப்படியே எடுத்தாளவில்லை. இலக்கண வழுவற்ற தமிழிலே, தம் மரபுக்கேற்ப அவற்றை மாற்றியமைத்தார். அதுவே அவர் ஆற்றல்.

1847-ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848-இலே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சம்பளந் தந்த மிஷன் உத்தியோகத்தையும் விட்டார். பாடசாலை உண்டாயிற்று, பிள்ளைகள் கையிற் கொடுக்க நூல் இல்லை. அடுத்த ஆண்டே மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். நாவலர் என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் அளித்தது அப்பயணத்திலேதான். அறிஞர் அவர் பட்டத்தையே பெரிதாகப் பேசுவர். தோட்டத்துப் பாடசாலையிலே சுண்ணக்கட்டியோடு நிற்கும் எமக்கு அந்த அச்சியந்திரமே பெரிதாகத் தோன்றுகிறது.

அந்த யந்திரசாலையிலிருந்து 1850-ஆம் ஆண்டையொட்டி வெளிவரத் தொடங்கியவை பாலபாடங்கள். முதற் பாலபாடம் எழுத்திலே தொடங்குகிறது, சொல்லுக்கு ஏறுகிறது, சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்குச் செல்கிறது. மேலேயுள்ள புத்தகங்களிலே வாக்கியம் நீளும், பொருளும் கனக்கும். நான்காம் பாலபாடத்தை எட்டிய மாணாக்கன் கடவுள், கல்வி, களவு, செய்ந்நன்றியறிதல் முதலிய பொருள்களைப் பற்றிய கட்டுரைகளைத் துணையின்றி வாசிப்பான். இப்படிமுறையின் அருமை வகுப்பறையிலே நிற்பவனுக்கே புலப்படும். மூன்றாந் தரத்துப் பிள்ளை ஒரு பாடத்தைக் கடகடவென்று ஒப்புவிப்பான். நடுவிலே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து இஃதென்ன என்று வினவினால், பாடத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்லி அச்சொல் வரும்வரை ஓடிப் பார்ப்பான். அவன் காதினாற் கற்றவன். கண் இன்னும் திறக்கவில்லை. முன் கற்ற எழுத்துக்களால் ஆகிய புதிய சொல்லை, முன் கேளாத வாக்கியத்திலே வைத்து அவனுக்குக் கொடுத்தல் வேண்டும். பாலபாடம் செய்தது அதனையே.

குறையும் உண்டு. அறவுரையே மிகுதி, சிறுவர் சிரிப்பதற்கு இடம் குறைவு. ஏழு வயதுப் பிள்ளைக்கு நாயும் பூனையும் பேசுங் கதை கொடுத்தால் அவன் இன்னும் விரைந்து வாசிப்பான் என்பது எம் துணிபு.

அதனினும் பெரிய குறையொன்றைச் சப்ரகமுவ மாகாணத்திலிருந்து எழுதுகின்ற யாம் சொல்லாது விடுதல் தகாது. நாவலர் தம் சைவ நூல்களிலே சாதியாசாரத்தை வற்புறுத்தியவர். தம் காலத்து ஒடுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறக்க அவர் முயன்றாரல்லர். அவர் நல்லூரிலும் சிதம்பரத்திலும் பாடங் கேட்பித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளிலே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்களுள் மிகப் பலர் அவர் வித்தியாசாலை வாயிலை மிதிக்க இயலாத குடியினர்.

1867-இலே தேயிலைப் பயிர் தொடங்கிற்று. பின்னர் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலே தேயிலையோடு இறப்பரும் பரவியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் தோட்ட நிருவாகத்தின் கடமை என்று கிராமப் பாடசாலைச் சட்டம் சொன்னது 1907-ஆம் ஆண்டிலே. பாலபாடம் பிறந்து அப்போது 50 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சட்டம் வந்த பின்னும் பல தோட்டங்களிலே ஒரே அறை, ஒரே ஆசிரியர், அதே அறைக்குள் ஐந்து வகுப்புகள். பால் வெட்டச் செல்லும் தாய் கைக்குழந்தையை மூத்த பிள்ளையிடம் விட்டுச் சென்றால் அன்று அப்பிள்ளைக்குப் பாடம் இல்லை. 1970-களின் பிற்பகுதியிலேதான் அப்பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. 1980 முதல் பாடநூல் இலவசமாக வருகிறது.

அந்நூலைத் திறந்தால் எழுத்து, சொல், சிறு வாக்கியம், பின்னர்ப் பாடம் என்னும் ஏற்றமே அங்கும் காணப்படும். லயத்துப் பிள்ளை அப்படிகளிலே ஏறுகிறாள். அவை தனக்கென வெட்டப்பட்டவையல்ல என்பது அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. ஆனால் அவளுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

நாவலர் வாழ்வின் மிச்சத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1864-இலே சிதம்பரத்தில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பரிமேலழகர் உரையோடு திருக்குறள், பெரியபுராண வசனம், இலக்கணச் சுருக்கம் எனப் பல நூல்களைப் பதிப்பித்தும் எழுதியும் வெளியிட்டார். 1872-இலே வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை சில ஆண்டுகளே நடந்தது. 1877-இலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு ஊட்டினார். விவாகஞ் செய்யவில்லை. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆந் தேதி, 57 வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில் மறைந்தார். சென்னைக்கு அச்சியந்திரம் வாங்க உடன்சென்ற சதாசிவப்பிள்ளையே பின்னர் வித்தியாசாலைகளையும் அச்சுக்கூடத்தையும் பார்த்துக்கொண்டார். பாலபாடங்கள் மேலும் மேலும் பதிப்புக் கண்டன.