கை கழுவச் சொன்ன வைத்தியர்

நோயாளிக்குத் திவ்விய நற்கருணை கொண்டுபோகும்போது, குருவானவருக்கு முன்னே ஒருவர் மணியடித்துச் செல்வது பழைய வழக்கம். அந்த மணிச் சத்தத்தின் மேல் ஒருமுறை ஒரு வைத்தியருக்குச் சந்தேகம் வந்தது. அவர் பெயர் இஞ்ஞாசி செம்மெல்வைஸ்.

1818-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ஹங்கேரி தேசத்துப் புடா நகரில், மளிகை வியாபாரி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர் மனம் மாறி வைத்தியம் படித்தார். 1846-ல் வியன்னாப் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில் உதவி வைத்தியரானார்.

அங்கே பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவதில் வைத்திய மாணாக்கர் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். வரும் ஸ்திரீகளை நாள்முறை வைத்து இரண்டிலும் சேர்ப்பார்கள். 1846-ல் முதற் பிரிவில் பிள்ளை பெற்றவர்கள் 4,010 பேர். அவர்களில் 459 பேர் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லாரையும் கொண்டுபோனது பிரசவ ஜன்னி. ஊருக்கெல்லாம் இது தெரிந்திருந்தது. முதற் பிரிவின் முறைநாள் என்று கேட்டதும், வேண்டாம் என்று முழங்காலில் விழுந்து கெஞ்சிய பெண்கள் உண்டு. வருகிற வழியில் தெருவிலேயே பிரசவித்தவர்களுக்குக்கூட அந்த ஜன்னி அவ்வளவாக வரவில்லை!

காற்றில் விஷம் என்றார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு பிரிவில் மட்டும் விஷக் காற்று வீசுமா? நெருக்கடி என்றார்கள். இரண்டாம் பிரிவில்தான் நெருக்கடி அதிகம். பெண்களைப் படுக்க வைக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. முதற் பிரிவில் சாகக் கிடப்பவர்களின் அறைக்குக் குருவானவர் போக வேண்டுமானால், ஐந்து அறைகளைக் கடந்து போகவேண்டும். மணிச் சத்தம் கேட்டு மற்றப் பெண்கள் நடுங்கினார்கள். இந்தப் பயமே நோயாகிறதோ என்று எண்ணி, சுற்றுவழியாய் மணியில்லாமல் வரும்படி குருவானவரைக் கேட்டுக்கொண்டார். அவரும் இணங்கினார். ஆனால் சாவு குறையவில்லை. மணியின் மேல் குற்றமில்லை.

1847 மார்ச்சில், வெனிஸ் நகரிலிருந்து திரும்பியவருக்குத் துக்கச் செய்தி காத்திருந்தது. அவருடைய சிநேகிதரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிரேதத்தை அறுத்துச் சோதிக்கையில் ஒரு மாணாக்கனின் கத்தி விரலில் பட்டு, ஜுரம் கண்டு இறந்துபோயிருந்தார். அவருடைய உடம்பில் கண்ட அடையாளங்களைப் படித்த செம்மெல்வைஸ் திடுக்கிட்டார். பிரசவ ஜன்னியில் இறந்த தாய்மாரின் உடம்பில் கண்டவையும் இவைதான். வைத்தியரும் மாணாக்கரும் காலையில் பிரேத அறையில் சவங்களை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். சோப்பும் தண்ணீரும் போட்டாலும் அந்த நாற்றம் கையை விட்டுப் போவதில்லை. மருத்துவச்சிகளோ சவத்தைத் தொடுவதில்லை.

மே மாதத்தில், பிரசவ அறைக்குள் வருகிறவர்கள் யாராயிருந்தாலும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். பிற்பாடு உபயோகித்தது, நம் ஊர்க் கிணறுகளில் போடும் பிளீச்சிங் பவுடரைப் போன்ற சுண்ணாம்புச் சரக்குதான். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டு சொச்சமாய்க் குறைந்தது. 1848-ல் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு தாயும் சாகவில்லை. இதற்கிடையில் இன்னொன்றும் தெரிந்தது. கர்ப்பப்பையில் அழுகிய புண்ணுள்ள ஒருத்தியைச் சோதித்தபின், அடுத்தடுத்த கட்டில்களைப் பார்த்ததில் பதினொரு பேர் மாண்டார்கள். ஆகையால் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார்.

இங்கேதான் அந்த மனிதருடைய மனச்சாட்சியைப் பார்க்கிறோம். ஜன்னியின் காரணத்தைக் கண்டுபிடிக்கவென்றே மற்றவர்களைவிட அதிகமாய்ச் சவங்களை அறுத்தவர் அவர். தம்மால் அகால மரணமடைந்த தாய்மார் எத்தனை பேர் என்பது சர்வேசுரனுக்கே தெரியும் என்று பிற்பாடு 1861-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் பகிரங்கமாய் ஒப்புக்கொண்டார். பிலாத்து தன்மேல் குற்றமில்லை என்று காட்டக் கை கழுவினான். இவரோ குற்றத்தை ஏற்றுக்கொண்டு கழுவினார். மற்ற வைத்தியர்களுக்கு இதுதான் கசந்தது. ஒரு பாத்திரம் தண்ணீர் பெரிய காரியமல்ல. என் கையால் அவள் செத்தாள் என்று ஒப்புக்கொள்வதே பெரிய காரியம். கீல் நகரத்துப் பேராசிரியர் மிகாயேலிஸ் அதை ஒப்புக்கொண்டு, துயரம் தாளாமல் 1848-ல் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். தேவன் அவருக்கு இரங்குவாராக.

இதை எழுதுகையில் எனக்கே உறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு, அதே பெருவிரலோடு அடுத்த கட்டிலுக்குப் போனவன்தான் நானும். பிள்ளை பார்க்கப் போகிற நம் வீட்டாரும், பஸ்ஸில் வந்த கையோடே சிசுவை வாங்கிக் கொஞ்சுகிறார்கள். தாயின் கட்டிலிலேயே உட்காருகிறார்கள். வார்டுப் பெண் தடுத்தால் கோபம் வருகிறது.

1849-ல் அவருடைய உத்தியோகம் நீடிக்கப்படவில்லை. பெஸ்ட் நகரில் அர்ச். ரோக்கு ஆஸ்பத்திரியில் 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களில் எட்டுப் பேரே இறக்கும்படி பார்த்துக்கொண்டார். வெளுக்காத துப்பட்டிகளும் ஜன்னியைக் கொண்டுவரும் என்று கண்டு, அதற்காகவும் போராடினார். ஆனால் தம் முறையை விளக்கி எழுத வெகுகாலம் தாமதித்தார். எழுதத் துணிந்தபோது, ஒத்துக்கொள்ளாத பேராசிரியர்களைக் கொலைகாரர் என்றே ஏசினார். அவர் பட்ட வேதனை நமக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த ஏச்சு, கேட்க இருந்தவர்களின் காதையும் அடைத்துவிட்டது.

1865-ல் புத்தி தடுமாறியவராக வியன்னாவில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 13-ந் தேதி, கையிலிருந்த புண் அழுகி விஷம் இரத்தத்தில் ஏறி இறந்தார். காவலர் அடித்ததால் உண்டான காயம் என்பாரும் உண்டு. வயது 47. அதற்கு முந்தின நாள்தான், கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் வைத்தியர், கால் முறிந்த ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை முதன்முதல் வைத்துக் கட்டியிருந்தார். 1879-ல் பாஸ்டர், ஜெபமாலை மணிபோல் கோத்த கிருமிதான் பிரசவ ஜன்னிக்குக் காரணம் என்று பாரிஸில் வரைந்தே காட்டினார்.

புடாவில் அவர் பிறந்த வீடு இப்போது வைத்திய சரித்திரக் காட்சிசாலையாயிருக்கிறது. அவருடைய எலும்புகளும் அந்த வீட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன.