மக்கள் தலைவர் எஸ். எம். ஜோஷி

நாம் குடியேறி வாழும் இப்புனே நகரின் மக்கள் தலைவருள் ஒருவர் ஸ்ரீதர் மகாதேவ் ஜோஷி. 1904 நவம்பர் 12-ஆம் நாள் இம்மாவட்டத்து ஜுன்னரில் பிறந்தார். விடுதலைப் போரில் சிறை புகுந்தார்.

மராத்தி பேசும் பகுதிகள் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு ஒரே மாநிலமாதல் வேண்டுமென 1956-இல் புனேயில் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி தோன்றியது. சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் அம்பேத்கர் வழியினரும் அதில் இணைந்தனர். ஒவ்வாத கொள்கையினரைப் பிரியாது காத்தல் பொதுச் செயலாளராகிய ஜோஷியின் பணியாயிற்று. ஆளுங்கட்சியோ வேரூன்றிய காங்கிரஸ். எதிர்த்தவர்கள் ஊர்தோறும் கூட்டமிட்டு மக்களையே நம்பினர். அக்கிளர்ச்சியில் நூற்றுவருக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர்.

1957 தேர்தலில் மேற்கு மகாராஷ்டிரத்தில் சமிதி பெருவெற்றி கண்டது. ஜோஷியும் புனேயில் வென்றார். ஏனைப் பகுதிகளின் துணையால் ஆட்சி காங்கிரஸிடமே நின்றது. எனினும் மக்கள் தீர்ப்பைப் புறக்கணித்தல் இயலாதாயிற்று. 1960 மே 1-ஆம் நாள் மகாராஷ்டிரம் பிறந்தது.

கோரிக்கை நிறைவேறியதும் கூட்டணி தளர்ந்தது. 1962-இல் காங்கிரஸே பெருவாரியாய் வென்றது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். 1967-இல் புனே மக்கள் ஜோஷியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அமைச்சர் பதவி எதுவும் வகியாமலே 1989 ஏப்ரல் 1-ஆம் நாள் மறைந்தார்.

ஆட்சியைப் பிடியாமலும் மக்கள் மன்றத்தில் வெல்லலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. புகுந்த மண்ணின் இவ்வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று.