சிறு பிள்ளைகளின் துயரை வரைந்தவர்

குழந்தைப் பருவம் கவலை இல்லாத பருவம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. புத்தகப் பையைச் சுமந்து நடக்கும் நமக்கல்லவா உண்மை தெரியும்! விளையாட்டில் யாரும் நம்மைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளாத நாளும், விடைத்தாள் முழுதும் சிவப்பு மையைக் கண்ட நாளும், மதிய உணவைத் தனியே அமர்ந்து உண்ட நாளும் எவ்வளவு நீண்ட நாட்கள்! இத்துயரங்களை அற்பம் என்று ஒதுக்காமல், ஐம்பது ஆண்டுகள் அவற்றையே சித்திரங்களாகத் தீட்டியவர் ஒருவர் இருந்தார். சார்லி பிரவுன் என்ற சிறுவனையும் ஸ்னூப்பி என்ற நாயையும் உலகுக்குத் தந்த சார்லஸ் ஷுல்ஸ் என்பவரே அவர்.

1922ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மின்னியாபொலிஸ் நகரில் அவர் பிறந்தார். வளர்ந்தது பக்கத்து நகரான செயின்ட் பாலில். தந்தை கார்ல் ஜெர்மனியில் பிறந்தவர். முடிதிருத்தும் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தாய் டீனா நார்வே நாட்டு வழியினர். ஒரே பிள்ளையான சார்லஸை வீட்டில் ஸ்பார்க்கி என்று அழைத்தார்கள். அக்காலப் படக்கதை ஒன்றில் வந்த குதிரையின் பெயரிலிருந்து பிறந்த செல்லப்பெயர் அது. ஞாயிறுதோறும் தந்தையும் மகனும் பத்திரிகைகளை விரித்துவைத்துக்கொண்டு படக்கதைகளைச் சேர்ந்து படிப்பார்கள்.

தந்தையின் கடையிலேயே அவனுக்கு முடிவெட்டு. பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் வந்துவிட்டால், மகன் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும். பாதி வெட்டிய தலையோடு எல்லார் முன்னிலையிலும் காத்திருப்பான். தந்தை அன்பில் குறைந்தவர் அல்லர், பிழைப்பு அப்படி. ஆனாலும் அந்தக் கூச்சத்தைச் சிறுவன் மறக்கவில்லை. பிற்காலத்தில் சார்லி பிரவுனின் தந்தையையும் முடிதிருத்துபவராகவே அவர் படைத்தார்.

பள்ளியில் நடந்தது இன்னும் வேடிக்கை. தொடக்கப்பள்ளியில் கெட்டிக்காரனாக இருந்ததால் ஆசிரியர்கள் அவனை முன்கூட்டியே மேல்வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். பெருமைக்குரிய செய்திதான், விளைவோ வேறு. வகுப்பில் எல்லாரினும் இளையவனாகவும் சிறியவனாகவும் ஆனான். கூச்சம் மிகுந்தது, மதிப்பெண்கள் சரிந்தன, சில பாடங்களில் தோல்வியும் கண்டான். துணையாக இருந்தவை பென்சிலும், ஸ்பைக் என்ற கருப்பு வெள்ளை நாயும்தாம். குண்டூசி, ஆணி என்று எதையும் விழுங்கிவிடும் அந்த விந்தை நாயைச் சிறுவன் வரைந்து அனுப்ப, 1937இல் நாடறிந்த பத்திரிகைப் பகுதி ஒன்றில் அப்படம் வெளிவந்தது. அப்போது அவனுக்கு வயது பதினான்கு.

உயர்நிலைப்பள்ளியின் கடைசி ஆண்டில் ஆசிரியை ஒருவர் பள்ளி ஆண்டு மலருக்குப் படங்கள் வரைந்து தரும்படி ஊக்குவித்தார். ஆசையோடு வரைந்து கொடுத்தான். மலர் வெளிவந்த நாளில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். அவன் படம் ஒன்றுகூட இல்லை. உலகப் புகழ் பெற்ற பின்னரும் அந்த ஏமாற்றம் அவர் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

தாய் ஒரு விளம்பரத்தைக் கண்டு காட்ட, அஞ்சல்வழி ஓவியப் பள்ளி ஒன்றில் அவர் சேர்ந்தார். கட்டணத்தைத் தந்தை தவணை தவணையாகச் செலுத்தினார். குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்ததோ நடுத்தர மதிப்பெண்தான்! குழந்தைகளை வரைந்தே உலகை வென்றவருக்கு அப்பாடத்தில் அப்படி ஒரு மதிப்பெண்!

1943ஆம் ஆண்டு பெருந்துயரைக் கொண்டுவந்தது. போர்க்கால அழைப்பின்படி இருபது வயதில் அவர் படையில் சேர்ந்திருந்தார். தாயோ புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். விடுப்பில் வந்து முகாமுக்குத் திரும்பும் மகனிடம், இனி நாம் சந்திக்கப் போவதில்லை என்பதை உணர்ந்தே அத்தாய் விடைகொடுத்தார். அவ்வாறே ஆயிற்று. மகனுடைய சித்திரத்தொடர் ஒன்றையும் அவர் கண்ணால் காணவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று நமக்கு மகிழ்ச்சி தருவது. செயின்ட் பாலில் வெளிவந்த கத்தோலிக்கப் படக்கதை இதழ் ஒன்றில், படங்களுக்குள் வரும் உரையாடலைக் கையால் எழுதும் வேலை அது. கத்தோலிக்கர் அல்லாத ஷுல்ஸ், ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஸ்பானிய மொழிப் பதிப்புகளுக்கும் பொறுமையாக எழுத்து வரைந்தார். முன்பு தாம் பயின்ற அஞ்சல்வழிப் பள்ளியிலேயே ஆசிரியராகவும் ஆனார்.

1950ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஏழு பத்திரிகைகளில் அவருடைய தொடர் தொடங்கியது. நிறுவனத்தார் அதற்கு பீநட்ஸ், அதாவது வேர்க்கடலை, என்று பெயரிட்டனர். அப்பெயர் கடைசிவரை அவருக்குப் பிடிக்கவில்லை. தொடரோ எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. காலப்போக்கில் 75 நாடுகளில் 2,600 பத்திரிகைகள் அதை வெளியிட்டன.

அதில் பெரியவர்களையே காண்பது அரிது. எல்லாம் பிள்ளைகளின் உலகம். சார்லி பிரவுன் விட்ட பட்டம் மரத்தில் சிக்கும். அவன் பந்தை உதைக்க ஓடிவரும்போது லூசி பந்தைப் பறித்துக்கொள்வாள். ஆனாலும் அடுத்த முறை அவளை நம்பி மீண்டும் ஓடுவான். லூசியின் தம்பி லைனஸ் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும் தன் போர்வைத் துண்டை விடமாட்டான். பெப்பர்மின்ட் பேட்டி என்ற சிறுமி தாயில்லாமல் தந்தையோடு வாழ்கிறாள், வகுப்பில் தூங்கிவிழுவாள், குறைந்த மதிப்பெண்ணே வாங்குவாள். ஆனால் தோழியருக்காக ஓடிவரும் நல்ல மனத்தவள். தாயை இழந்த வேதனையை அறிந்த கை வரைந்த சிறுமி அவள்.

வாசித்த பிள்ளைகள் அவர்களை உண்மையான தோழர்களாகவே கருதினார்கள். 1966இல் வந்த தொலைக்காட்சிப் படம் ஒன்றில், வீடு வீடாகச் சென்று மிட்டாய் பெறும் விழாநாளில் சார்லி பிரவுனின் பையில் மட்டும் கற்களே விழும். அதைக் கண்ட குழந்தைகள் பலர் அவனுக்கென்று மிட்டாய்களை ஷுல்ஸுக்கு அனுப்பிவைத்தார்கள்!

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், கருப்பினக் குழந்தை ஒன்றையும் தொடரில் சேர்க்குமாறு பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதினார். இரக்கம் காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று ஷுல்ஸ் முதலில் தயங்கினார். பின்னர் அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் பிராங்க்ளின் என்ற சிறுவன் தோன்றினான். அவன் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எதிர்த்து எழுதினார். ஷுல்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை.

1965ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ஒளிபரப்பான சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் படத்தையும் நாம் மறத்தலாகாது. விழாவின் பொருள் என்ன என்று சார்லி பிரவுன் மனம் நொந்து கேட்கும்போது, லைனஸ் மேடையின் நடுவே நின்று லூக்கா நற்செய்தியிலிருந்து இயேசு பாலனின் பிறப்பைச் சொல்கிறான். தொலைக்காட்சியில் மறைநூலை வாசிப்பது பொருந்துமா என்று உடன் பணியாற்றியோர் தயங்கினர். ஷுல்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. வானதூதர் இடையரின் அச்சத்தை அகற்றும் இடம் வரும்போது, லைனஸ் தன் போர்வையைக் கீழே நழுவ விடுகிறான். சொல்லாமல் சொன்ன மறையுரை அல்லவா அது!

17,897 சித்திரங்களையும் ஷுல்ஸ் தாமே வரைந்தார். முதுமையில் கை நடுங்கியபோதும் பேனாவைப் பிறரிடம் கொடுக்கவில்லை. 1999இன் இறுதியில் புற்றுநோய் கண்டு ஓய்வு பெற்றபோது, அந்தச் சிறுவன் ஒருமுறைகூடப் பந்தை உதைக்கவில்லையே என்று எண்ணிக் கண்கலங்கினார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இரவு உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மறுநாள் காலைப் பத்திரிகைகளில் அவருடைய கடைசி ஞாயிற்றுச் சித்திரம் வாசகரிடம் விடைபெற்றது.

இவ்வரலாற்றை எழுதும்போது எங்கள் கை சற்றே தயங்கியது. இம்மலருக்காக வந்த கதைகளிலும் படங்களிலும் பலவற்றை, இடமில்லை என்று நாங்களும் திருப்பித் தந்திருக்கிறோம். அவ்வாறு திரும்பிப் போன தங்கையரிடம் ஒரு சொல்: ஒரு மலரில் இடம் கிடைக்காதது உன் திறமைக்கு முடிவு அன்று, தொடர்ந்து வரைவாய், எழுதுவாய். பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள்: எங்கள் சிறிய துயரங்களைச் சிறியவை என்று எண்ணாதீர்கள். நமக்குள்ளும் ஒரு தீர்மானம் வேண்டும். இன்று உணவு இடைவேளையில் தனியே அமர்ந்திருக்கும் தோழி யார் என்று பார்த்து, அவளருகில் போய் அமர்வோம். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிட்ட ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.